முற்றின நுங்கில் தண்ணீர்

பந்தல் பிரிப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுவது ஊரின் பழக்கம். உப்பு வியாபாரி செந்தில்முருகன் கண்ணை மூடிய மறுநாளே, அவரைக் கொன்றது பக்கத்து வீட்டு ஜெமி கலந்து கொடுத்த தம்ளர்தான் என்று டீக்கடை பெஞ்சு முடிவு கட்டிவிட்டது. இன்ஸ்பெக்டருக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. 'இன்றைக்குச் சாயங்காலம் பிள்ளையை ஸ்டேஷனுக்குக் கூட்டி வாருங்கள், கேஸ் எழுத வேண்டும்' என்று ஜெமியின் அப்பா ஜேசுபாதம் வாத்தியாருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்.

அதனால்தான் காலையிலேயே துப்பறியும் ஏஞ்சலின் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஐம்பதை நெருங்குகிறவள். துறைமுகத்தில் நனைந்து வரும் சரக்குகளுக்குச் சேதம் பார்த்துச் சொல்லும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்தவள். மூட்டை எப்படி நனைந்தது என்று பார்த்துப் பார்த்து, மனிதர்களின் கண் எதனால் நனைகிறது என்று பார்ப்பதிலும் பழகிவிட்டாள். கழுத்தில் ஜெபமாலை, கையில் ஒரு துணிப்பை, பக்கத்தில் பாலகணேஷ். இந்த மூன்றும் இல்லாமல் அவள் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை.

பாலகணேஷ் முன்பு திருச்செந்தூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். வேலை போய்விட்டது, வாய் மட்டும் போகவில்லை. மேஜைமேல் பளபளவென்று நின்ற எவர்சில்வர் குவளையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது என்னம்மா, தலைக்குத் தொப்பி வச்ச சொம்பு?"

"ஷேக்கர் அண்ணா. காக்டெய்ல் குலுக்குறது" என்றாள் ஜெமி. குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"இதைப் போய்க் காசு குடுத்து வாங்குனியாக்கும்! ஒரு தம்ளரைக் கையில புடிச்சுக்கிட்டு எங்க பஸ்ஸுல கடைசி சீட்டுல உக்காந்தா, ஆறுமுகநேரி வாரதுக்குள்ள தம்ளர்ல இருக்கதும் குலுங்கிரும், குடல்ல இருக்கதும் குலுங்கிரும்."

ஜெமி சிரிக்கவில்லை. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண். வெயில் காலத்துக்கு வீட்டோடு வந்து, வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தாள். ஓய்வு நேரத்தில், வெயிலுக்கு வீட்டிலேயே கலந்து குடிக்கிற பானங்களைச் செய்துகாட்டி இன்ஸ்டாகிராமில் வீடியோ போடுவாள். நன்னாரியும் ரம்மும், மாங்காயும் ஜின்னும், கொடுக்காப்புளியும் வோட்காவும் என்று ஊர் ருசியையும் வெளியூர்ச் சரக்கையும் முடிச்சுப் போடுவதில் அவளுக்கு ஒரு கைவாகு. நேற்றுவரை இதயமும் பூவும் அனுப்பிய விரல்களே இப்போது 'கொலைகாரி' என்று அனுப்பிக்கொண்டிருந்தன. செல்போன் மேஜைமேல் குப்புறக் கிடந்து நடுங்கிக்கொண்டே இருந்தது.

"ஏளா, நடந்ததை ஒரு தடவை சொல்லு. அழுகை வந்தா அழுதுட்டுச் சொல்லு, அவசரமில்ல" என்றாள் ஏஞ்சலின்.

ஞாயிற்றுக்கிழமை. செந்தில்முருகனின் தம்பி கப்பலிலிருந்து லீவில் வந்திருந்தான். அவனுக்காக மொட்டைமாடியில் சின்ன விருந்து. ஜெமி இரண்டு கண்ணாடி ஜக்கு கலந்தாள். ஒன்றில் நன்னாரி, எலுமிச்சை, வெள்ளை ரம், அது குடிக்கிறவர்களுக்கு. இன்னொன்றில் பதநீர், புதினா, கொஞ்சம் சுக்கு. அது பிள்ளைகளுக்கும், குடியை விட்டுவிட்ட செந்தில்முருகனுக்கும். இரண்டிலும் மேலே நுங்கு.

"மாமாவுக்கு நான்தான் ஊத்திக் குடுத்தேன் ஆன்ட்டி. கொஞ்ச நேரத்துல முகம் மிளகாப்பழமாச் செவந்துட்டு. வாந்தி எடுத்தாங்க, நெஞ்சைப் புடிச்சாங்க. ஆஸ்பத்திரி வாசல்லயே..." அவள் நிறுத்தினாள். "குடியை நிறுத்துற மாத்திரை சாப்பிடுறவங்க உடம்புல சாராயம் சேந்தா இப்படித்தான் ஆகும், இதயம் வேற பலவீனமா இருந்திருக்குன்னு டாக்டர் சொன்னார். ரத்தத்துல சாராயம் இருந்திருக்கு. மாமா சம்சாரம் பானு அத்தையும், ஆமா, மாத்திரை சாப்பிட்டாங்கன்னு சொன்னாங்க. நான்தான் ஜக்கை மாத்தி ஊத்திட்டேன் போல."

"போலன்னா?"

"ஊத்துனது எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. இப்ப எல்லாரும் சொல்லச் சொல்ல, ஞாபகமே மாறிப்போச்சு ஆன்ட்டி. கண்ணை மூடுனா ரம் ஜக்குதான் கையில தெரியுது."

வாசற்படியில் நின்ற ஜேசுபாதம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு பெண் செய்யாத கொலையைத் தானே செய்ததாக நம்ப ஆரம்பித்துவிட்டாள். கோர்ட்டு விட்டாலும் இந்த நம்பிக்கை அவளை விடாது.

"அக்கா, பதநீரே புளிச்சுக் கள்ளாயிருக்குமோ? கலயத்துல சுண்ணாம்பு பத்தலைன்னா மதியத்துக்குள்ள பொங்கிரும்லா" என்றான் பாலகணேஷ்.

"அதே ஜக்குல குடிச்ச பிள்ளைக எல்லாம் நேத்து தெருவுல கிரிக்கெட் ஆடிச்சுலே. ஜெமி, அன்னைக்கு வீடியோ எடுத்தியா?"

எடுத்திருந்தாள். எடுத்ததைத் திரும்பப் பார்க்கத்தான் அவளுக்குத் துணிவு இல்லை. ஏஞ்சலின் போனை வாங்கி மேஜைமேல் நிமிர்த்தி வைத்தாள்.

திரையில் சாயங்கால வெயில். மொட்டைமாடிச் சுவருக்கு அப்பால் உப்பளக் குவியல்கள் வெள்ளை வெள்ளையாய். செந்தில்முருகன் தம்ளரைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறார். கண்ணாடித் தம்ளர். உள்ளே இருப்பது கழுநீர் மாதிரி வெளுத்த கலங்கல். பக்கத்தில் தம்பியின் தம்ளரில் நன்னாரிச் சிவப்பு.

"ஏளா, கண்ணைத் துடைச்சுட்டுப் பாரு. மாமா கையில இருக்கது என்ன நிறம்?"

ஜெமி பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். "வெள்ளை... பதநீர்." பிறகு சின்னக் குரலில், "அப்ப நான் மாத்தலையா ஆன்ட்டி?"

"மாத்தல. நான் பாக்கேன், உங்கப்பா பாக்காரு, இந்தக் கண்டக்டரும் பாக்கான்."

"சந்தோசப்படாதீக அக்கா" என்றான் பாலகணேஷ் மெதுவாக. "மாத்தலன்னா, வேணும்னே தம்ளருல விட்டுட்டான்னு சொல்லுவாரு இன்ஸ்பெக்டர். இது அதைவிடப் பெரிய டிக்கெட்."

அதுவும் உண்மைதான். ஏஞ்சலின் வீடியோவை மறுபடி ஓடவிட்டாள். செந்தில்முருகன் தம்ளருக்குள் விரலைவிட்டு ஒரு முழு நுங்கை எடுக்கிறார். வாயில் போட்டுக் கடிக்கிறார். சுரீரென்று தண்ணீர் பீய்ச்சி அவர் சட்டைமேல் தெறிக்கிறது. பிள்ளைகள் ஓவென்று கத்துகின்றன. அவர் ஒரு கணம் யாரையோ நிமிர்ந்து பார்க்கிறார். கைக்குட்டையால் வாயைப் பொத்துகிறார். 'நுங்கு கசக்குடே' என்று சிரிக்கிறார். கேமரா நகர்ந்துவிடுகிறது.

"இன்னொரு தடவை போடு."

மூன்றாம் தடவையும் பார்த்தபின் ஏஞ்சலின் கேட்டாள்: "மத்த தம்ளர்ல எல்லாம் நுங்கைத் துண்டு துண்டா வெட்டிப் போட்டிருக்கியே, ஏன்?"

"ஆனி பொறந்துட்டுல்லா ஆன்ட்டி, எல்லாம் முத்திப்போச்சு. பிள்ளைகளால கடிக்க முடியல, ரப்பர் மாதிரி. அதான் தோலை உரிச்சுப் பொடிசா நறுக்கிட்டேன்."

"நறுக்கும்போது உள்ள தண்ணி இருந்துச்சா?"

"முத்துன நுங்குல தண்ணி ஏது? வெறும் பொக்குதான்."

சொல்லிவிட்டு ஜெமியே வாயைப் பிளந்து நின்றாள். பனங்காட்டு வம்சத்தில் பிறந்தவளுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இளநுங்கைக் கடித்தால் தண்ணீர் பீய்ச்சும். முற்ற முற்ற அந்தத் தண்ணீர் சுண்டிக் கடைசியில் குழி மட்டும் மிஞ்சும். ஒரே குலையில் வந்த நுங்கெல்லாம் காய்ந்து கிடக்க, அந்த ஒன்றில் மட்டும் தண்ணீர் எப்படி வந்தது?

"துறைமுகத்துல ஒரு பாடம் உண்டு" என்றாள் ஏஞ்சலின். "மூட்டை நனைஞ்சிருந்தா எவ்வளவு நனைஞ்சிருக்குன்னு பாக்கக் கூடாது. தண்ணி மேலருந்து வந்துச்சா, கீழருந்து வந்துச்சா, இல்ல மூட்டையே வேர்த்துச்சான்னு பாக்கணும். அந்த முழு நுங்கை மாமா தம்ளர்ல போட்டது யாரு?"

"பாண்டி மாமா, செந்தில்முருகன் மாமாவோட பழைய சிநேகிதர். அதே குலையிலருந்து ஒண்ணை எடுத்து ஓலைப் பட்டையில தனியா வச்சிருந்தாங்க. 'வெட்டுன நுங்கு என் சேக்காளிக்குப் பிடிக்காது, முழுசாக் கடிச்சு உறிஞ்சுனாத்தான் அவனுக்கு ருசி'ன்னு சொல்லிப் போட்டாங்க." ஜெமியின் கண் மறுபடி நிறைந்தது. "எவ்வளவு பாசம்னு நினைச்சேன் ஆன்ட்டி."

தருவைகுளம் போகிற வழியில் ஏஞ்சலின் ஸ்கூட்டரை ஓரம் கட்டச் சொல்லி ஒரு நுங்கு வாங்கினாள். வேண்டுமென்றே முற்றினதாகப் பார்த்து, சீவித் தோலோடு எடுக்கச் சொல்லி வாங்கினாள்.

"எனக்கு ஒண்ணு கிடையாதா அக்கா?"

"உனக்குப் பல்லு போயிரும்லே."

"போகட்டும். பேச்சாவது குறையும்."

ஜெமி சொன்ன பாண்டி மாமா, பாண்டியராஜன், வேலை பார்க்கும் கொட்டகை கடலை ஒட்டி இருந்தது. தனியார் ஒருவர் முத்துச்சிப்பி வளர்க்கிற இடம். சிப்பியின் வாயை லேசாகத் திறந்து, சதையில் மயிரிழைபோல ஒரு கீறல் போட்டு, அதற்குள் ஒரு குட்டி மணியைச் செருகி மூடுவது அவர் வேலை. கீறினது தெரியாமல் சதை மூடிக்கொள்ளும். உறுத்துகிற மணியைச் சுற்றிச் சுற்றிச் சிப்பி முத்தாக்கும். அந்தக் கரையில் அவரைப்போல நோகாமல் கத்தி வைக்கிற கை கிடையாது என்பார்கள். இன்று அந்தக் கை சும்மா மடியில் கிடந்தது. முன்னால் ஒரு தட்டு நிறையச் சிப்பி, ஒன்றையும் தொட்டிருக்கவில்லை. மேஜை ஓரத்தில், சிப்பிக் குஞ்சுகளுக்குத் தீனி விடுகிற சிரிஞ்சுகள் வரிசையாகக் கிடந்தன.

"அண்ணாச்சி, நான் ஏஞ்சலின். ஜேசுபாதம் சார் அனுப்பினாரு" என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்த நுங்கை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "ஒரு உதவி வேணும். இதைக் கடிச்சாத் தண்ணி பீய்ச்சணும். எப்படிச் செய்யணும்னு சொல்லித் தருவீகளா?"

பாண்டியராஜன் நுங்கைப் பார்த்தார். அதைத் தொடாமல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"நீங்க கடல்காரவுக. பனைப் பக்கம் போகாதவுக. எந்த மாசத்து நுங்குல தண்ணி இருக்கும், எதுல இருக்காதுன்னு உங்களுக்குத் தெரிய நியாயமில்ல. அது ஒண்ணுதான் தப்பாப்போச்சு அண்ணாச்சி."

முன்னாலிருந்த சிப்பித் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு அவர் பேசினார்.

"தண்ணிய உறிஞ்சி எடுத்துட்டு ரம்மை விடுவோம்னுதான் ஊசியைக் குத்துனேன். உள்ள காஞ்சு கிடந்துச்சு. சரி, வேலை மிச்சம்னு நினைச்சேன்."

"சிப்பிக்கு மணி வச்ச கை" என்று முணுமுணுத்தான் பாலகணேஷ்.

"ஆமாய்யா. சொல்லு. நல்லாச் சொல்லு." அவர் கோபப்படவில்லை. "வாலிப காலத்துலருந்து ரெண்டு தம்ளரு வச்சுக் குடிச்சோம். ஒருநாள் திருச்செந்தூர் போனான். முருகன் முன்னாடி சத்தியம் பண்ணிட்டேன்டே, இனிமே தொட மாட்டேன்னான். எல்லாரும் சொல்லுத பேச்சுதானேன்னு விட்டேன். ஆனா அவன் தொடல. அதுக்கப்புறம் என் முன்னாடி ஒரே தம்ளரு. அவன் திருந்துனது எனக்குப் பொறுக்கல மேடம். அவன் நல்லா இருக்க இருக்க, நான் எப்படி இருக்கேன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒரு வாய் நாக்குல பட்டாப் போதும், பழையபடி வந்துருவான்னு நினைச்சேன். சாகணும்னு நினைப்பனா? ஒரு பாட்டில் குடிச்சுட்டு ஸ்கூட்டர் ஓட்டுனவன் அவன்!"

"கடிச்ச உடனே உங்களைத்தான் பாத்தாரா?"

அவர் தலை தாழ்ந்தது. "பாத்தான். ரம்முன்னு அவனுக்குத் தெரியாம இருக்குமா? என்னை ஒரு பார்வை பாத்தான். கைக்குட்டையில துப்புனான். அத்தனை பேரு முன்னாடி என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாம். 'நுங்கு கசக்குடே'ன்னு சிரிச்சிட்டான்."

ஏஞ்சலின் ஜெபமாலையைப் பற்றிக்கொண்டாள். சாகப்போகிறோம் என்று அறியாமலே அந்த மனிதர் கடைசியாகச் செய்த காரியம், ஒரு சிநேகிதனின் மானத்தைக் கைக்குட்டைக்குள் மடித்து வைத்ததுதான். அதற்குள் கொஞ்சம் தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

"அவரு உங்களைக் காப்பாத்துனாரு. நீங்க அந்தப் பிள்ளையைக் காப்பாத்தல" என்றாள். அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவரை அடித்தது.

"நாளைக்குப் போவோம், நாளைக்குப் போவோம்னு..." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இப்பவே வாரேன்."

"மாத்திரை சாப்பிடுதவருக்கு இதைக் குடுக்கோமேன்னு ஒரு நிமிசம் யோசிச்சிருக்கக் கூடாதா அண்ணாச்சி?"

"அதுதான் எனக்குப் புரியல மேடம். ஆஸ்பத்திரியிலயும் மாத்திரை மாத்திரைன்னாங்க. அவன் தலைவலிக்கே மாத்திரை போடாதவன். மாத்திரை போட்டுக் குடியை விட்டா அது சத்தியமாடேன்னு என்கிட்டயே கேட்டிருக்கான்."

"உங்ககிட்ட மறைச்சிருக்கலாம்லா?"

"அவனா? அவன் கூத்தைக் கேளுங்க. சலூன்ல ஷேவிங் பண்ணிட்டு லோஷன் தடவுனா முகமெல்லாம் செவந்து, நெஞ்சு படபடன்னு அடிக்குமாம். சாராய வாடையே ஆகாமப்போச்சு பாத்தியா, முருகன் வாசல்லயே காவல் நிக்கான்னு சொல்லிச் சொல்லிச் சந்தோசப்படுவான். கடைக்கு வாரவன் போறவன்கிட்ட எல்லாம் சொல்லுவான். சலூன்காரன்கிட்ட லோஷனே வேண்டாம்னுட்டான்."

ஏஞ்சலின் அசையாமல் நின்றாள்.

அந்த மாத்திரை உடம்பில் இருந்தால் லோஷனிலுள்ள ஸ்பிரிட்டுக்கே முகம் சிவக்கும். தெரிந்து சாப்பிடுகிறவனுக்கு டாக்டர் முதலில் சொல்லும் எச்சரிக்கையே அதுதான். தெரிந்தவன் அதை மாத்திரையின் வேலை என்பான். தெரியாதவன்தான் முருகன் காவல் என்பான்.

பாண்டியராஜன் தன் சைக்கிளில் ஸ்டேஷனுக்குக் கிளம்பிப் போனார். ஸ்கூட்டர் ஊருக்குத் திரும்பியது. உப்பளம் தாண்டியபோது பாலகணேஷ் கேட்டான்.

"அப்ப முருகன் காவல் நிக்கலையா அக்கா?"

"நின்னாருலே. இன்னொரு காவலும் கூட நின்னுச்சு. அதுதான் வினை."

செந்தில்முருகன் வீட்டில், அவர் மனைவி பானுப்ரியா அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்தாள். சொந்தக்காரர்கள் சாப்பிட்டுவிட்டு முன்னறையில் படுத்திருந்தார்கள். நெற்றி வெறுமையாக இருந்தது, கண்ணில் ஈரமில்லை. கணவன் இறந்த நாளிலிருந்து அவள் அழவே இல்லை என்று தெரு பேசிக்கொண்டது.

"வாங்கக்கா. காப்பி போடட்டுமா?" வாய் பழக்கத்தில் சொன்னது, உடம்பு எழுந்திருக்கவில்லை.

ஏஞ்சலின் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தருவைகுளத்தில் கேட்டதைச் சொன்னாள், அவர் கைக்குட்டையில் துப்பினதை மட்டும் விட்டுவிட்டு. பாண்டியராஜன் பேர் வந்தபோதும் பானுப்ரியாவின் முகம் மாறவில்லை. லோஷன் என்ற சொல் வந்தபோதுதான் மாறியது.

"பானு, அவருக்குக் காலையில காப்பி யாரு போடுவா?"

"நான்தான்."

"கருப்பட்டிக் காப்பியா?"

"ம்."

"அவருக்கு மட்டும் தனித் தம்ளரா?"

அடுப்படி மேடையில், ஏலக்காய் தட்டுகிற குட்டிக் கல்லுரல் இருந்தது. ஏஞ்சலின் அதைப் பார்த்தாள்; பானுப்ரியாவும் அதைப் பார்த்தாள்.

"எத்தனை சத்தியம்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?" என்றாள் பானுப்ரியா கடைசியில். "என் தலையில அடிச்சுச் சத்தியம், பெத்த பிள்ளை தலையில சத்தியம், செத்த மாமனாரு படத்து முன்னாடி சத்தியம். சத்தியம் பண்ண கை அன்னைக்குப் பொழுதடையுமுன்ன பாட்டிலைத் திறக்கும். திருச்செந்தூர் போயிட்டு வந்து, பானு, இது நிசம்னாரு. நான் சிரிச்சேன். மருந்துக்கடையில ஒருத்தன்கிட்ட சொல்லி மாத்திரை வாங்குனேன். பொடிச்சுக் காப்பியில கலந்து குடுங்க, ருசி தெரியாது, ஊர்ல பாதிப் பொம்பளைங்க இதைத்தான் செய்றாங்கன்னான். குடிச்சா வாந்தி வரும், பயந்துருவாருன்னான். உசுரு போயிரும்னு அவன் சொல்லலக்கா."

"ஆஸ்பத்திரியில ஏன் மறைச்சே?"

"மறைக்கல. மாத்திரை சாப்பிட்டாருன்னு உடனே சொல்லிட்டேன். யாரு குடுத்தான்னு அங்க யாரும் கேக்கல."

"அந்தப் பிள்ளை உன்னை அத்தைங்குது பானு. அது மாத்தி ஊத்திட்டதா ஊரே சொல்லும்போது..."

"அது மாத்தித்தான் ஊத்திட்டுன்னு நானும் நம்பினேன். நம்பிக்கிட்டேன்." அவள் விரல்கள் சேலை முந்தியை முறுக்கின. "இல்லாட்டி, அவரே ஆசைப்பட்டு ரம்மை எடுத்துக் குடிச்சிருப்பாருன்னு நினைச்சேன். பாத்தியா, நான் நம்பாதது சரிதானேன்னு நினைச்சேன். அப்படி நினைச்சுத்தான் அழுகையே வரல."

ஏஞ்சலினுக்கு இதைச் சொல்லாமல் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் இறந்தவனுக்குச் சேர வேண்டியது ஒன்று இருந்தது. அதைத் தராமல் போக யாருக்கும் உரிமையில்லை.

"ஆஸ்பத்திரியில அவரோட சட்டை, சாமானெல்லாம் குடுத்தாங்களா?"

பானுப்ரியா பீரோவிலிருந்து ஒரு பாலித்தீன் உறையைக் கொண்டுவந்தாள். திறக்காமலே வைத்திருந்தாள். சட்டை, கடிகாரம், சுருட்டிய கைக்குட்டை. ஏஞ்சலின் கைக்குட்டையை மெதுவாகப் பிரித்தாள். காய்ந்து சுருங்கிய நுங்கு, தோலோடு, பல் பதிந்தபடி ஒட்டிக்கொண்டிருந்தது. சாராய வாடை போயிருந்தது; கறை மட்டும் மஞ்சளாக நின்றது.

"பாரு. அவரு குடிக்கல. ரம்முன்னு தெரிஞ்ச உடனே துப்பிட்டாரு. உள்ள போனது அவரை மீறிப் போனது. உங்கிட்ட சொன்ன சொல்லு நிசம் பானு. மாத்திரை இல்லாமலே அவரு நின்னிருப்பாரு."

பானுப்ரியா கைக்குட்டையை வாங்கி மடியில் விரித்தாள். அதில் பதிந்த பல் தடத்தை விரலால் தொட்டாள். அப்போதுதான் அந்த வீட்டில் முதல் அழுகை கேட்டது. முன்னறையில் படுத்திருந்தவர்கள் எழுந்து ஓடிவந்தார்கள். பாலகணேஷ் வாசலை மறித்து நின்றுகொண்டு, "உள்ள சீட்டு இல்ல, கொஞ்சம் பொறுங்க" என்று கெஞ்சினான். பேச்சு பழைய கண்டக்டர் பேச்சுதான், ஆனால் அதில் சிரிப்பில்லை.

மனிதரை நம்பாமல் காவல் வைப்பவர்களைக் கடவுள் எப்படித் தண்டிக்கிறாரோ தெரியாது. பல சமயம் அவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. உண்மையை மட்டும் காட்டினால் போதுமானதாக இருக்கிறது.

அழுது ஓய்ந்தபின் பானுப்ரியா முகம் கழுவினாள். "ஸ்டேஷனுக்கு நானே வாரேன். அதுக்கு முன்ன அந்தப் பிள்ளைகிட்ட நான் சொல்லணும்" என்றாள். பிறகு அடுப்பைப் பார்த்து நின்றாள். "வந்தவுகளுக்கு ஒரு வாய் காப்பி குடுக்காம அனுப்பினதில்ல. இனிமே என் கையால யாரு குடிப்பாக்கா?"

"போடு" என்றாள் ஏஞ்சலின். "கருப்பட்டிக் காப்பி. எனக்கு ஒண்ணு, இவனுக்கு ஒண்ணு."

பானுப்ரியா அடுப்பைப் பற்ற வைத்தாள். காப்பி வந்தது. ஏஞ்சலின் தம்ளரை வாங்கி, முகம் மாறாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தாள். பாலகணேஷ் தன் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு விநாடி நின்றான். அக்காவின் காலித் தம்ளரைப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு அவனும் குடித்தான்.

"கருப்பட்டி கொஞ்சம் கூடப் போட்டிருக்கலாம் மதினி" என்றான். பானுப்ரியாவின் உதடு லேசாக அசைந்தது.

அவள் இன்னொரு தம்ளர் ஊற்றிக்கொண்டாள். அதை முந்தானையால் பிடித்துக்கொண்டு, தெரு பார்த்திருக்க, தலையை நிமிர்த்தி நடந்து, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். ஏஞ்சலின் கேட்டருகில் நின்றுவிட்டாள். கேட்க வேண்டியது ஜெமி மட்டும்தான்.

கதவு திறந்தது. பானுப்ரியா பேசினாள். தூரத்திலிருந்து சொல் கேட்கவில்லை. உதடு அசைவதும், ஜெமியின் தோள் முதலில் இறங்குவதும், பிறகு கல்லாய் இறுகுவதும் தெரிந்தன. பேசி முடித்துப் பானுப்ரியா தம்ளரை நீட்டினாள். ஜெமி அந்தத் தம்ளரைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்தாள்.

வாங்கிக்கொண்டாள்.

குடிக்கவில்லை. ஏஞ்சலின் போன் பண்ணி வரச்சொன்ன போலீஸ் ஜீப் தெருமுனையில் வந்து நின்றது, பானுப்ரியா இறங்கிப் போய் அதில் ஏறிக்கொண்டாள், ஜீப் திரும்பியது. ஜெமி வாசலிலேயே நின்றாள். காப்பி ஆறிப்போய்விட்டது. ஆனால் அந்தத் தம்ளரை அவள் கீழே வைக்கவுமில்லை.